யோயோ தூங்குகிறது

அன்பு மகள் ஐரினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் திண்டுக்கல்லில் சுகம், அங்கே நொய்டாவில் நீயும் மாப்பிள்ளை ராபினும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமென்று கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். இது யாரிடமும் சொல்லி எழுத வைத்த கடிதம் இல்லை ஆத்தா, ஒவ்வொரு எழுத்தும் என் கையால் எழுதியது. மூன்று சுழி ண மட்டும் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

உன் கடிதத்தையும் நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். இரண்டாம் தாள் சின்னதாக இருந்ததால் அதை முதலில் எடுத்தேன், அதுதான் வினை. யோயோ இப்போது நெடுநேரம் தூங்குகிறது என்று இருந்தது. யோயோவை நான் எங்கே கண்டேன், ஐயோ ஐயோ என்று எழுத வந்தவள் அழுகையில் ஐயை விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். அடுத்த வரியில் நடுவில் எடையைக் குறைத்து ஓரத்தில் கூட்டினோம் என்றும், கயிறு சுற்றிக்கொண்டால் அதோடு நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். பிள்ளைக்கு எடை பத்தாது என்று போன மாதம் ஸ்கேனில் சொன்னதாக நீதானே சொன்னாய். பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றிவிட்டது என்றே நான் முடிவு கட்டினேன். அம்மா மாதாவைக் கூப்பிட்டு அழுதாள். உன் போன் அணைந்து கிடந்தது, மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. தாளோடு, எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் சாயங்கால வகுப்பு டீச்சர் ஆனந்தமேரி வீட்டுக்கு ஓடினோம். அவர் இரண்டு தாளையும் வாசித்துவிட்டு, "பிள்ளை இல்லைங்கய்யா, வெளையாட்டுச் சாமான். உங்க மக புது வேலையில அதத்தான் செஞ்சு சுத்தவிட்டுப் பாக்குதாம். கயித்து நுனியில நின்னு சுத்துறதத்தான் தூங்குதுன்னு சொல்லுவாக" என்றார். வழியெல்லாம் அம்மா, படிக்கத் தெரியாதப்பவே நல்லா இருந்தீக என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

ஆனாலும் எனக்கு ஆசை விடவில்லை. இரண்டு தகர மூடிகளை நடுவில் ஒரு ஆணியால் சேர்த்து நூல் சுற்றி விட்டுப் பார்த்தேன். நடுவில் ஓட்டை போட்ட இரும்பு வட்டு, அந்த வாசர்களை ஆணியை ஒட்டி வைத்தால் செத்த நேரத்தில் நின்றுபோகிறது. அதே வாசர்களை விளிம்பைச் சுற்றி ஒட்டினால் கிளப்பத்தான் பாடு, கிளம்பிவிட்டால் வெகுநேரம் சுற்றுகிறது. மார்க்கெட்டில் மூட்டை சுமந்த எனக்கு எடை என்றால் அழுத்தும் என்றுதான் தெரியும், ஓடவைக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. ஆனால் அது வேகம் குறைந்து தள்ளாடும்போது, நிற்பதைப் பார்க்க மாட்டாமல் கையில் பிடித்துவிடுகிறேன் ஆத்தா.

ஏனென்றால் இரண்டு தாளிலும் யோயோ எப்படித் தூங்குகிறது என்று இருக்கிறதே தவிர, பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. மறு ஸ்கேன் எடுத்தாயா? போனில் கேட்டால் நல்லாயிருக்கேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். அம்மா, மறந்திருப்பாள் என்கிறாள். நல்ல சேதி என்றால் நீ மறக்கிறவள் இல்லை, அதுதான் எனக்குப் பயம். வேளைக்குச் சாப்பிடு, முட்டையை ஒதுக்காதே, குனிந்து எதையும் தூக்காதே. யோயோவுக்கு ஓரத்தில் எடை கூடட்டும், உனக்கு நடுவில் கூடட்டும்.

மாதா உன் வயிற்றின் மேல் கை வைத்துக் காக்கட்டும். பதிலில் வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பிள்ளையின் எடையை எண்ணில் எழுது. எழுத்தில்தான் நான் தடுமாறுவேன், எடை மட்டும் எனக்கு எப்போதும் தப்பாது.

கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா
சிலுவைமுத்து