பேங்க் என்று எழுதினேன்

நேற்று, பழைய போனில் இருந்ததையெல்லாம் புதுப்போனுக்கு மாற்றிக்கொடுத்த கடைக்காரர், "பழைய மெசேஜ் எல்லாம் வந்துட்டு, பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்றார். தள்ளிக்கொண்டே போனேன். அடியில் உன் பெயர் இருந்தது. கடையில் வைத்துத் திறக்க மனம் வரவில்லை.

பேட்டையில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த நமக்குள் இங்கிலீஷில் மெசேஜ் எதற்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். நீ வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். "நீ தமிழ்ல எழுதினா பதில் போடமாட்டேன், பாத்துக்கோலே" என்றாய். நூலகத்து அகராதியில் தினம் ஒரு சொல் பார்த்தோம். பேங்க் என்றால் ஆற்றங்கரை. அது வட ஐரோப்பிய நாடுகளில் மண்மேட்டுக்கு வைத்திருந்த பெயரில் இருந்து வந்தது. பணம் போடும் பேங்க், இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் உட்கார்ந்த பலகையில் இருந்து வந்தது. ஒருவரை நம்பியிருப்பதற்கும் அதே சொல்தான். "பேரு ஒண்ணு, வம்சம் வேற வேறலே" என்று சிரித்தாய்.

உனக்கு ஏரல் கிளையில் வேலை கிடைத்தது; ஆற்றை ஒட்டி வீடு பிடித்தாய். நான் ஷார்ஜாவுக்குப் போனேன். இங்கிலீஷில் எழுதுவதை மட்டும் நாம் விடவில்லை.

ஆறு உடைத்துக்கொண்ட செய்தியை அங்கேதான் பார்த்தேன். விடுமுறை நாள், நீ வீட்டில் இருப்பாய் என்று நினைத்தேன். அழைத்தால் போகவில்லை. 'பேங்க்கை விட்டு உடனே தள்ளிப் போ' என்று இங்கிலீஷில் அனுப்பினேன்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் நீ வங்கி மாடிக்கு ஏறியிருந்தாய். அது எனக்குத் தெரியாது. உன்னோடு மாடியில் இருந்த காவலாளி, நான் ஊருக்கு வந்தபோது சொன்னார்: "மெசேஜப் பாத்தாரு. இங்கன நிக்கக்கூடாதாம், கட்டடம் தாங்காது போலன்னாரு. பாத்துப் பைய இறங்குங்க சார்னேன். தெருமுனை வரைக்குந்தான் தெரிஞ்சாரு."

மாடிக்குத் தண்ணீர் வரவே இல்லை. காவலாளி மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

நாம் சேர்ந்து படித்த சொல்தான். அன்று அது எனக்குக் கரை. உனக்கு, நீ நின்றுகொண்டிருந்த கட்டடம்.

உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். "கடைசியா நீதான் எழுதினியாமே. என்னய்யா எழுதின?" என்று கேட்டாள்.

"பத்திரமா இருக்கச் சொன்னேம்மா."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, அவ்வளவு தூரத்தில் இருந்தும் தன் பிள்ளையை எச்சரித்தவன் இவன்தான் என்கிறாள். இப்போது ஊரோடு வந்துவிட்டேன்; மாதம் ஒருமுறை போகிறேன். சோறு போடுகிறாள். மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.