பாய் பார்த்த வெளிச்சம்

புரட்டாசி, வியாழன் இரவு

அண்ணனை இன்னும் விடவில்லை. இடஒதுக்கீட்டு மறியலன்று ராத்திரி நைனார்பாளையம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தது அவன்தான் என்று கேஸ். ஒரே சாட்சி மளிகைக்கடை பாய்.

இன்று கடைக்கே போய்க் கேட்டுவிட்டேன். "இருட்டுல எப்படிங்க பாய் முகம் தெரிஞ்சுது?"

"இன்னா தம்பி, தெருலைட்டு பளிச்சுனு எரிஞ்சிக்கினு இருந்துச்சே. பச்சை சட்டை. உங்க அண்ணன் மேல எனக்கு இன்னா கோவம்?"

"மரம் வெட்றாங்கன்னு போன் வந்ததுமே சப்-ஸ்டேஷன் டூட்டில இருந்த நான்தான் சப்ளைய நிறுத்தினேன். கம்பி மேல விழுந்தா ஆள் செத்துடுவான்னு எங்களுக்கு அதான் மொதல் வேலை. லைட்டு எங்கேருந்து வரும்?"

"நீ சப்-ஸ்டேஷன்ல இருந்தே. நான் இங்க இருந்தேன்."

பொய் சொல்கிற ஆள் இல்லை. மறுநாள் கடைக்கு வந்தவன் எல்லாம் அண்ணன் பெயரைத்தான் பேசியிருக்கிறான். கேட்டது எது, பார்த்தது எது என்று பாய்க்கே இப்போது பிரிக்கத் தெரியவில்லை. நாளை இன்ஸ்பெக்டரிடம் இதைச் சொல்லித்தான் அண்ணனை வெளியே கொண்டுவர வேண்டும்.

திரும்பி வரும்போது ஒரு சந்தேகம். அன்று இரண்டு போன் வந்தது. மரத்தை வெட்டுகிறார்கள் என்று ஒன்று, விழுந்துவிட்டது என்று ஒன்று. எந்தப் போனுக்கு சுவிட்சை இறக்கினேன்? இரண்டாவதற்கு என்றால், வெட்டும்போது தெருலைட் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். முதல் போனுக்குத்தான். கைப்பிடியின் ஜில்லிப்பு வரை ஞாபகம் இருக்கிறது.

ஆனால் முந்தாநாள் இவ்வளவு தெளிவாக இல்லை. அண்ணி வந்து அழுதுவிட்டுப் போன பிறகுதான் தெளிவானது.