மொட்டைச் சங்கு

ஜேஜு,
அக்டோபர் 3

அன்பு மிரான் அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய். புசானில் நீ பார்த்துவைத்த கேன்டீன் வேலைக்கு அம்மா வருகிறாள். எப்படி ஒத்துக்கொண்டாள் என்பதைச் சொல்கிறேன். திட்டுவதானால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

கடலுக்கடியில் பாசிக் காடு மொத்தமும் போய்விட்டது. பாறையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. அடித்த கூலி கேட்டுத்தான் யாரும் வரவில்லை. கடல்முள்ளெலிகள் மட்டும் பந்தி போட்டு உட்கார்ந்திருக்கின்றன. உடைத்தால் உள்ளே என் கணக்குப் பரீட்சைத் தாள் மாதிரி காலி. பாசி இல்லாமல் கொம்புச் சங்கு எங்கிருந்து வரும்? சீசன் திறக்கும் அன்று பாதி வலையாவது நிறையாவிட்டால் முக்குளிப்பதையே விட்டுவிடுவதாக அம்மா சொல்லிவிட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? என் சைக்கிளைக் கொடுத்து, மார்க்கெட்டில் ஒரு மூட்டை உயிர்ச் சங்கு வாங்கினேன். சீசனுக்கு முந்தின நாள் நீர் வற்றியபோது அம்மா வழக்கமாக இறங்கும் பாறை இடுக்குகளில் கொட்டிவிட்டு வந்தேன். மூட்டைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் அம்மா வலை நிறையக் கொண்டுவந்தாள். கூட முக்குளிக்கும் பெண்கள் எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். மால்சூன் பெரியம்மா ஒன்றைத் திருப்பிப் பார்த்து, என்னடி இது, எல்லாம் மொட்டை அடிச்சுக்கிட்டுச் சாமியாராப் போகுதா என்று கேட்க, ஒரே சிரிப்பு. நம் கடலில் அலை அடிக்கிற அடியில்தான் சங்குக்குக் கொம்பு முளைக்கும். இவை வேறெங்கோ அமைதியான விரிகுடாவில் வளர்ந்தவை. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவர்களிடம், குட்டிங்கதானே, இன்னும் கொம்பு முளைக்கல என்றாள். ஒவ்வொன்றும் மூடிய என் கை அளவு. சிரிப்பு நின்றுபோனது. பெரியம்மா கையிலிருந்ததை மறுபடி வலைக்குள் வைத்தாள்.

வீட்டில் ஒரு அடிகூட விழவில்லை. அத்தனையையும் அவித்து என்னையே தின்ன வைத்தாள். முக்குளிக்கும் உடுப்பை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, காயப்போட்டு, மடித்தாள். வியாழக்கிழமை கப்பலுக்கு டிக்கெட் போட்டாச்சு, பரீட்சை முடியறவரைக்கும் மால்சூன் பெரியம்மா வீட்ல ஒழுங்கா இரு என்றாள். அவ்வளவுதான்.

அக்கா, உன் வீடு நாலாவது மாடி. படி ஏறி முடித்ததும் அம்மா, நீருக்கு மேலே வந்ததுபோல, சீழ்க்கையாக மூச்சு விடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அந்தச் சீழ்க்கையை நிறுத்தச் சொல்லிவிடாதே.

உன் தங்கை,
போமி