எனக்காகப் பேசப்போவது உன் அத்தை

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, எங்கள் இரண்டு பேரின் மாத்திரை டப்பாக்கள் எல்லாரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், மீதியில் அப்பா பிடுங்கிக்கொள்வார். அதோடு இதெல்லாம் உனக்கு எழுத்தில் வரட்டும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டாள். வக்கீலா என்று பதறாதே, விவாகரத்து இல்லை. நாற்பத்தொரு வருஷம் கழித்து அதற்கெல்லாம் யார் அலைவது.

விஷயம் எங்கே ஆரம்பித்தது என்றால், நம் மேல்மாடியில் குடியிருக்கும் கண்ணாடிக்கடைக்காரரிடம். ஏழாம் வகுப்பில் உனக்கு முதல் கண்ணாடி போட்டுக்கொடுத்தாரே, அவர்தான். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போய் வலது கையும் போய்விட்டது. ஐந்து பிள்ளைகள், ஆறு அபிப்பிராயம். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் காகிதத்தை நீட்டிக்கொண்டு, யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்கப்பா என்று கெஞ்ச, ஒருத்தன் ஆபரேஷன் என்கிறான், ஒருத்தி வேண்டவே வேண்டாம் என்கிறாள், இன்னொருத்தன் வேறு ஆஸ்பத்திரி என்கிறான், இதெல்லாம் அவர் காதில் விழுகிற தூரத்தில். இப்போது ஆளுக்கு ஒரு மாசம் என்று லைப்ரரி புத்தகம் மாதிரி வீடு வீடாகப் போய் வருகிறார். திருப்பித் தர வேண்டிய தேதி மட்டும் ஐந்து பேருக்கும் மறக்காமல் ஞாபகம் இருக்கிறது. கடையை விற்று ஒரு ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கடை அவர் பேரில், கையெழுத்துப் போடும் கையோ விழுந்துவிட்டது. அவர் மனைவி என்னிடம், பேச முடிஞ்சப்பவே இவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வச்சிருக்கலாமேங்க என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

உன் அப்பாவிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அப்பாவின் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக ஊரையே மேலும் கீழும் அனுப்பிய மனுஷன், ஆனால் லிஃப்டில் ஏறினால் எந்த மாடி பட்டனை அமுக்குவது என்று நின்று யோசிப்பார். நானே விசாரித்து, நானே நாள் குறித்து, நானே சட்டை எடுத்துக் கொடுத்துக் கூட்டிப் போனேன்.

வக்கீலம்மா ஆபீஸ் தையல்கடைக்கு மேலே, செங்குத்தான படி. வயசானவர்கள் விவகாரம் பார்க்கிறவள் கொஞ்சம் தாழ்வாக இடம் பிடித்திருக்கலாம் என்று அப்பா முனகிக்கொண்டே ஏறினார். அவள் உன்னைவிடச் சின்னவள், ஆனால் கேள்விகள் கிழவியினுடையவை. அப்பா உட்காருவதற்குள், வீட்டை இன்னிக்கே பொண்ணு பேர்ல எழுதிடுங்கம்மா, ஒரு தொல்லை விட்டுது என்றார். அவள், அவசரப்படாதீங்க ஐயா, உங்க தலைக்கு மேல இருக்கிற கூரை கடைசிவரைக்கும் உங்க பேர்லயே இருக்கட்டும், பொண்ணுக்கு உயில்ல எழுதினாப் போதும், நடுவுல யாராவது படுத்துட்டா பார்த்துக்க ஆள் போடணும், வீட்டை வித்துதான் ஆகணும்னாலும் விக்க வழி இருக்கணும் இல்லையா என்றாள். குட்டிமா, இதில் நீ மனசு சுருங்கக் கூடாது. அப்படித்தான் எழுதியிருக்கிறோம். எங்களில் ஒருவர் போனால் மற்றவருக்கு, அவருக்கும் பிறகு மிச்சம் உனக்கு. மிச்சம் இல்லாமல் போனால் எங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம், சந்தோஷப்படு.

பிறகு அவள் அப்பாவைப் பார்த்து, நீங்க படுத்துட்டா யார் பார்த்துப்பாங்க ஐயா என்று கேட்டாள். இதென்ன கேள்வி, இவ பார்த்துப்பா என்று என் பக்கம் கையைக் காட்டினார். சரி, இவங்க படுத்துட்டா? அப்பா மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். நாற்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு சாத்தியம் இருப்பதே அந்த நிமிஷம்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்தபிறகு கோபம் வந்தது.

அவள் ஒரு படிவம் கொடுத்தாள். எனக்கு நினைவு தப்பி, வாய் பேச முடியாமல் போனால், எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், வீட்டிலா வெளியிலா என்று எனக்குப் பதிலாகச் சொல்லப்போகிறவர் பேர் ஒன்று எழுத வேண்டும். ஒரே ஒரு பேர். வீட்டில் யோசிச்சு எழுதிட்டு வாங்கம்மா என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று அப்பா தன் பேருக்கு முன்னால் இனிஷியல் போட வேண்டுமா வேண்டாமா என்று பஸ்ஸிலேயே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது வராந்தாவில் மயங்கி விழுந்து எனக்கு முன்னால் கட்டில் பிடித்தவர் உன் அப்பா. அவர் பேரை எப்படி எழுதுவது. உன் பேரை எழுதலாம் என்று பேனாவைத் தாளில் கூட வைத்துவிட்டேன். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். பத்து மணி நேர விமானத் தூரத்திலிருந்து, நான் வர்ற வரைக்கும் எப்படியாவது வச்சிருங்க என்றுதான் சொல்வாய். அது பாசம், கண்ணு, முடிவு இல்லை.

மூன்று நாள் யோசித்து உன் அத்தை பேரை எழுதினேன். ஆமாம், அப்பாவின் தங்கைதான். நீ படித்ததில் தப்பில்லை, மறுபடி படித்துப் பார்க்க வேண்டாம்.

அவளும் நானும் பதினொரு வருஷமாகப் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும், ஏன் என்று நாங்கள் சொல்லவில்லை. உன் தாத்தாவின் கடைசி மாசத்தில், முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்த அவள், இனிமே ஆஸ்பத்திரி வேண்டாம் அண்ணி, அப்பா வீட்டுக்குப் போகணும்னு கேக்கறாரு, கூட்டிப் போயிடலாம் என்றாள். எனக்கு வெறி வந்துவிட்டது. உனக்கு எல்லாரும் கட்டில் நம்பர்தானே, பெத்தவர் கூடவா என்று எல்லார் எதிரிலும் கேட்டேன். உன் அப்பா சுவரோடு சுவராக நின்றார். தாத்தா மூன்று வாரம் குழாய்களோடு கிடந்து அங்கேயே போனார். அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான். அவள் வீடு மூன்று பஸ் ஸ்டாப் தூரம்தான் என்றாலும், அப்பாதான் மாசம் ஒருதரம் தபால்காரர் மாதிரி போய் வருவார்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை நானே போனேன். அப்பா கீழேயே நிற்கிறேன் என்று நின்றுவிட்டார். கதவைத் திறந்தாள் பார், தலை முழுக்கச் சாயம், கழுத்தில் பழைய துண்டு, கையில் பிளாஸ்டிக் உறை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, உங்களைப் போங்கன்னும் சொல்ல முடியாது, நானும் எங்கயும் போக முடியாது, சாயம் ஊற இன்னும் அரைமணி நேரம் இருக்கு, உக்காருங்க அண்ணி என்றாள். படிவத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். படித்துவிட்டு, என்னையா, நான் கட்டில் நம்பர் பார்க்கிறவளாச்சே என்றாள். பதினொரு வருஷம், ஒரு எழுத்துக் கூட மாறவில்லை. நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவள். ஊரார் எழுதினதில் எல்லாம் சிவப்பு மை போட்டேன், நான் சொன்ன ஒரு வார்த்தையைத் திருத்தத் தெரியவில்லை. அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு, எனக்கு அப்படி ஒரு நாள் வந்தா வீட்டுக்குக் கூட்டிப் போயிடலாம்னு சொல்ற தைரியம் உனக்கு மட்டும்தான் இருக்கு என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயம் கண்ணுல இறங்குது என்றாள். இருக்கும்.

அப்புறம் நர்ஸ் ஆகிவிட்டாள். சாயம் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். வாயால சாப்பிட முடியலன்னா குழாய் போடலாமா, எத்தனை நாள். வலி இருந்தா தூங்க வச்சுடலாமா, இல்ல முழிச்சிருந்து எல்லாரையும் பார்க்கணுமா. வீட்டுக்கு ஆள் போட்டா ஆம்பளையா பொம்பளையா. எங்க யாரையும் அடையாளம் தெரியாமப் போச்சுன்னா என்ன பண்ணட்டும் அண்ணி என்று கேட்டாள். தினமும் யாராவது பேப்பர் படிச்சுக் காட்டுங்க, புரியலன்னாலும் பரவாயில்ல என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். அரைமணி ஒன்றரை மணி ஆகிவிட்டது. அவள் நெற்றி, காது, பின்கழுத்து எல்லாம் கறுப்பு பிடித்து ஒரு வாரம் போகவில்லை. எனக்கு அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். அவள் தனி ஆள், அவள் படிவத்தில் என் பேர் இருக்க வேண்டும். அதாவது, யார் முதலில் படுத்தாலும் அவள் உயிர் மற்றவள் கையில். இனிமேல் நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சர்ட்டிபிகேட் வேறு வேண்டும் என்றார்கள். ஐந்து வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார், நான் சொல்லிவிட்டேன், அப்பா பின்னாலிருந்து உதடு அசைத்ததில் இரண்டு தப்பு. சர்ட்டிபிகேட்டில் தெளிந்த மனநிலை என்று எழுதுவதற்குப் பதில் தெளித்த மனநிலை என்று எழுதியிருந்தார். என் மனநிலையை எங்கே தெளித்தீர்கள் டாக்டர் என்று கேட்டு மாற்றி வாங்கினேன். முதலிலேயே இதைக் காட்டியிருந்தால் பரீட்சையே வைத்திருக்க மாட்டேன் என்றார்.

அப்பாதான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது பஸ்ஸில் மெதுவாக, அப்போ எனக்கு என்ன வேலை என்று கேட்டார். குட்டிமா, அந்தக் குரலைக் கேட்டிருந்தால் நீ உருகியிருப்பாய். நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருங்க, அதுக்குப் பத்திரமும் வேண்டாம் சாட்சியும் வேண்டாம் என்றேன். இரண்டு ஸ்டாப் தாண்டியது. பிறகு, எந்தக் கையை என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

இப்போது உன் அத்தை புதன்கிழமை தவறாமல் வருகிறாள். குளியலறையில் இரண்டு கைப்பிடி போட வைத்தாள், கூடத்து மிதியடியைச் சுருட்டித் தூக்கி எறிந்தாள், என் உப்பைக் குறைத்தாள். பேசாமல் இருந்த காலம் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது என்று அப்பா சொல்கிறார்.

உனக்கு இரண்டு வேலை. இதோடு வைத்திருக்கும் படிவத்தில், அத்தையால் முடியாமல் போனால் அடுத்த ஆள் என்று உன் பேர் இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. படிக்காமல் போடாதே. நீயும் மாப்பிள்ளையும் உங்களுக்கு ஒன்று எழுதி வையுங்கள், இளசு என்று நினைக்காதே. பேத்திக்குப் பல் விழுந்ததாமே, நாக்கால் துழாவ வேண்டாம் என்று சொல். நீ ராத்திரி தூங்காமல் வேலை பார்ப்பதைக் குறைத்துக்கொள், முதுகு ஒன்றுதான் இருக்கிறது. மூவரும் நோய் நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தபடி நூறு வருஷம் இருங்கள்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவராதே, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்களுக்கு ஆகும்போது வருவதற்கென்று லீவைச் சேர்த்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த நாளை அத்தை பார்த்துக்கொள்வாள். அந்த லீவை எடுத்துக்கொண்டு இப்போது வா, உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இருக்கும்போதே வா.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா