கலைமான்களுக்கு எட்டுப் படைத்த தம்பிக்கு

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
12.02.2006

அன்பின் தம்பி ஞானேந்திரனுக்கு,

அக்கா ஞானாம்பிகை எழுதுவது. இங்கே நானும் அத்தானும் மகள் வித்தியாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

தை மாதம் இங்கே பனிமேல் மழை பெய்து, பிறகு எல்லாம் கண்ணாடியாய் இறுகிப்போனது. பால் வாங்கப் போன அத்தான் விழுந்து முழங்கை வீங்கிக் கிடக்கிறார். வீட்டு வேலை செய்யாமல் இருக்க அவருக்கு நல்ல சாட்டு. அதே மழை வடக்கே நீ கலைமான் மந்தை மேய்க்கிற பக்கமும் பெய்ததாக எழுதியிருந்தாய். ஐஸை உடைத்துக் கீழே கிடக்கிற பாசியைத் தின்ன முடியாமல் கலைமான்கள் பட்டினி கிடந்தன என்றும், பார்த்துப் பொறுக்காமல் நீ வைக்கோல் போட்டாய் என்றும். ஆட்டுக்குப் பசித்தால் நாங்கள் அதைத்தானே செய்வோம். பாசியே தின்று பழகிய வயிறு பட்டினிக்குப் பிறகு வைக்கோலைச் செரிக்காது என்று உனக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தொரு மான்கள் வயிறு நிறைந்தபடி செத்தன. அதற்காக உன்னை நான் ஏசமாட்டேன்.

ஏசப்போவது அடுத்த விஷயத்துக்கு. அவை செத்த எட்டாம் நாள், மனிதருக்குச் செய்வதுபோல எட்டுப் படைத்தாயாம். உடல்களைக் குவித்த இடத்தில் பாசியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாயாம். விடியப் பார்த்தால் பாசி இல்லையாம், சுற்றிவர ஒரு காலடியும் இல்லையாம். அதோடு விட்டிருக்கலாம், விசரா. நீ தினமும் வைக்கிறாய். அதுவும் உன் மந்தை முதலாளி முப்பது வருஷமாக மேய விடாமல் மூடி வைத்த நிலத்திலிருந்து சுரண்டி. அந்தப் பாசி விரல் நீளம் வளர ஒரு தலைமுறை செல்லும் என்று எனக்குச் சொன்னவனே நீதான். சினை மான்கள் பிறகு எதைத் தின்னும்? செத்ததுகளுக்குப் போட்டு, இருக்கிறதுகளைப் பட்டினி போடலாமா?

வெள்ளிக்கிழமை நீ போன் எடுத்தபோது இதைத்தான் சொல்லத் தொடங்கினேன். உன் குரலுக்குப் பின்னால் டிக், டிக் என்று கேட்டது. நடக்கும்போது கலைமானின் காலில் நரம்பு சொடுக்கும் என்று நீ முன்பு எழுதியிருந்தாய். ஒன்றிரண்டல்ல, நிறையக் கால்கள், வட்டமாக நடக்கிற சத்தம். மந்தை பக்கத்தில் நிற்கிறதா என்று கேட்டேன். "ஓம் அக்கா, எல்லாம் வந்திட்டுதுகள்" என்றாய்.

பிறகு முதலாளி போனை வாங்கிப் பிரெஞ்சில் கதைத்தார். வித்தியாதான் எனக்குத் தமிழில் சொன்னாள். மிஞ்சிய மந்தையை அவருடைய மகன்மார் தெற்கே காட்டுக்கு ஓட்டிப்போய் இரண்டு கிழமைக்கு மேலாம். உன்னைத் தனியே விட ஏலாமல் அவர் நிற்கிறாராம். நீ சாப்பிடுவதில்லையாம். பின்னேரத்தில் பாசிப் பையோடு நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் தூரம் போகிறாயாம், கூப்பிட்டாலும் திரும்புவதில்லையாம். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்கிறதா என்று கேட்கச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

எட்டுப் படைத்தவன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் செய்து அனுப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுகள் போகாதுகள், படைத்தவனையும் விடாதுகள். கோயில் ஐயரைக் கேட்டேன். மிருகத்துக்கு அந்தியேட்டி இல்லை என்று சிரித்தார். சிரிக்கட்டும். இங்கே பக்கத்தில் லாசாலில் ஆறு உறையாமல் ஓடுகிற இடம் இருக்கிறது. எள்ளும் அரிசியும் தர்ப்பையும் எடுத்து வைத்திருக்கிறேன். 21ஆம் திகதி முப்பத்தோராம் நாள். படைத்த கைதான் முடிக்க வேண்டும், நான் செய்து சரிவராது.

இந்தக் கடிதம் 20ஆம் திகதி சாமான் கொண்டு வருகிற விமானத்தில் உன்னிடம் வரும். அதிலேயே ஏறி வா. உடுப்பு எடுக்க வேண்டாம், சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். எந்தச் சத்தம் கேட்டாலும் நில்லாதே. முருகன் உன்னை அந்த விமானத்தில் ஏற்றிவிடட்டும்.

எனக்கென்று மிஞ்சியிருப்பது நீ ஒருத்தன்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இலை போட்டுப் படைத்துவிட்டேன். உனக்கும் இலை போட வைத்துவிடாதே, தம்பி. நீ கோப்பையில் சோறு போட்டுச் சாப்பிட வேண்டும், நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி,
அக்கா