கொழுந்துக்குத் தீட்டு இல்லை

15.03.2025
சனிக்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

சுதர்ஷினி எழுதுகிறேன். தங்கச்சி சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். போன், தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருக்கிற அப்பாவோடு கோயில் மடத்தில் இருக்கிறது. கையில் இருந்தாலும் இதைப் பேச முடியாது. நம் லயத்துக் காம்பரா சுவர் கூரை வரைக்கும் இல்லையே. நான் இருமினால்கூடப் பக்கத்துக் காம்பரா அத்தை, "என்னடி, சளியா?" என்று கேட்கிறார்கள். போர்வைக்குள் டோர்ச் அடித்துத்தான் எழுதுகிறேன்.

அம்மா, எனக்கும் வந்துவிட்டது. இன்று காலையில்.

நீங்கள் தீட்டு என்று நேற்றுத்தான், தங்கச்சியைக் குழந்தையில் விட்டுவிட்டு வேலைக்குப் போவீர்களே, அந்தப் பழைய பிள்ளைக்காம்பராவுக்குப் போனீர்கள். எனக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஏன் முந்திக்கொண்டது என்று தெரியவில்லை. அப்பாவுக்கு விரதச் சோறு வடித்து, கீரையும் கடைந்து வைத்த பிறகுதான் பார்த்தேன். வேறு யார் சமைப்பது? அதையேதான் மடத்துக்குக் கொண்டுபோனேன். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஓ.எல். பரீட்சை தொடங்குகிறது. சொன்னால் நானும் உங்களோடு வந்து இருக்க வேண்டும். காப்புக் கட்டிய பிறகு தீட்டு என்று வெளியே போனவர்கள், இருபத்தைந்தாம் தேதி காப்பு அவிழ்க்கும் வரை திரும்பி வரக்கூடாது என்பது பூசாரி போட்ட கட்டு. டவுனுக்குப் போகிற பாதையும் கோயில் முன்னால்தான் போகிறது. கடைசிப் பேப்பரைத் தவிர ஒன்றும் எழுத முடியாது. சொல்லாமல் இருந்தால், இருபத்துமூன்றாம் தேதி அப்பா தீயில் இறங்குகிறார்.

சிவசாமி மாமாவின் கால் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தீ மிதித்து வெந்துபோனதே, அந்தக் கால். அவர் மகள் தனுஜா தீட்டை மறைத்ததால்தான் என்று ஊரே சொன்னது. அப்பா கால் வெந்தால் அது என்னால்தான்.

நான் என்ன செய்யட்டும்? தூக்குச்சட்டியைக் காலையில் பீலிக் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறேன். தண்ணீர் எடுக்க வருவது போல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பதிலை மூடிக்குள் வையுங்கள்.

உங்கள் மகள்
சுதர்ஷினி


16.03.2025

அன்பு மகள் சுதருக்கு அம்மா எழுதுறது.

ஒன் கடிதாசிய ரெண்டு தரம் படிச்சேன். படிச்சதும், கெளம்பி இங்க வாடின்னுதான் எழுத ஒக்காந்தேன். பரீட்சை அடுத்த வருசமும் வரும், அப்பா காலு போனா வராதுன்னு எழுதிட்டேன். அழகம்மா அக்கா எட்டிப் பாத்துட்டுப் பேனாவப் புடுங்கிட்டாங்க. "எம் மக தனுஜாவுக்கும் அடுத்த வருசம்னுதான் சொன்னோம் ஜீவா. அந்த அடுத்த வருசம் இன்னும் வரலை"ன்னாங்க. அந்தப் பிள்ளை இப்ப கொழும்புல துணிக்கடையில நிக்குது.

இங்க நாங்க ஏழு பேரு. காலையில மேட்டுப் பாதையால மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்குறோம். மலைய மேற்பாக்குற கண்டாக்கையா வந்து நிறுத்து வாங்கிட்டுப் போறாரு. ஒனக்குத் தீட்டா, கொழுந்தைத் தொடாதேன்னு அவரு ஒரு நாளும் சொன்னதில்ல. "கொழுந்துக்குத் தீட்டு இல்ல, கோயில் ரோட்டுக்குத்தான் தீட்டாம்"னு அழகம்மா அக்கா சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். ராத்திரி படுத்த பெறகு அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்பச் சிரிப்பு வரலை.

நீ பரீட்சைக்குப் போ. பாவம்னு ஒண்ணு இருந்தா என் தலையில விழட்டும்னு மாரியம்மாகிட்டச் சொல்லிட்டேன்.

சட்டிக்குள்ள ஒரு பேக்கட் பேட் வச்சிருக்கேன். தனுஜா அவ அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்புறது. மலையில துணி வைக்காதீங்கன்னு போன்ல சண்டை போடுமாம். அக்காதான் ஒனக்குக் குடுக்கச் சொன்னாங்க. அப்ப ஒங்களுக்குன்னு கேட்டேன். "இடுப்புல கட்டுற படங்கு இருக்கே, அது எல்லாத்தையும் மறைச்சிரும். பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு"ன்னாங்க.

படிச்சிட்டு இத அடுப்புல போட்டுரு.

அம்மா


18.03.2025
இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

அடுப்பில் போடவில்லை. வரலாற்றுப் புத்தக அட்டைக்குள் வைத்திருக்கிறேன். கோபப்படாதீர்கள்.

நேற்று சைவநெறிப் பேப்பர் எழுதினேன். கோயில் முன்னால் நடந்துதான் போனேன். தலை குனிந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நிமிர்ந்தே நடந்தேன். பூசாரி கூப்பிட்டு, "நல்லா எழுதும்மா" என்று நெற்றியில் விபூதி பூசிவிட்டார். மாரியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்து எழுந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அவ்வளவு நேரமும் நான் உடுப்பைப் பற்றி நினைக்கவே இல்லை. துணி வைத்தால் அரை மணிக்கு ஒரு தரம் பின்பக்கத்தை இழுத்துப் பார்ப்பேன். கேள்வியில் பாதி மனம், உட்கார்ந்திருக்கிற கதிரையில் பாதி மனம். நேற்று முழு மனமும் கேள்வியில் இருந்தது. தனுஜா அக்காவுக்கு இதைச் சொல்ல வேண்டும். பரீட்சை மண்டபத்துக் கக்கூஸில் போடுவதற்கு ஒரு வாளி இல்லை. கட்டிப் பைக்குள் வைத்து வீடு வரை கொண்டுவந்தேன்.

வீட்டில் துணிதான் வைக்கிறேன், பேட்டைப் பரீட்சைக்கு மிச்சம் பிடிக்க வேண்டும். இந்தப் பனியில் துணி காய்வதே இல்லை. டவுன் கடையில் இன்னொன்று வாங்கலாம் என்று போனேன். முதலாளி மற்ற ஆட்கள் போகும் வரை என்னை நிற்க வைத்துவிட்டு, பத்திரிகையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் களவு சாமான் மாதிரி எடுத்தார். அதற்குள் தெரிந்த மாமா ஒருவர் வந்துவிட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். மண்ணெண்ணெயைக்கூட அப்படி ஒளித்துக் கொடுப்பதில்லை.

இப்போது அப்பா விஷயம். நேற்றுச் சோறு கொண்டுபோனபோது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "பேப்பர் எப்புடி சுதர்?" என்று கேட்டார். நான் அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். ஊருக்கு மறைப்பது எனக்கு இப்போது அவ்வளவு பயமாக இல்லை. அப்பாவுக்கு மறைப்பதுதான் சரியாகப் படவில்லை. தீயில் இறங்கப்போவது அவர் கால். அவரிடம் சொல்லிவிடட்டுமா?

சுதர்ஷினி


19.03.2025

மகள் சுதருக்கு,

சொல்லாத.

தீட்ட மறைச்சதுக்குத் தண்டனைன்னு தனுஜாவ ஈரத்துணியோட பீலியிலேருந்து கோயிலுக்கு நூத்தியெட்டுக் கொடம் தண்ணி தூக்க வச்சாங்களே, ஒங்கப்பாவும் அந்தக் கூட்டத்துலதான் நின்னாரு. வாயத் தொறக்கலை. நல்ல மனுசன்தான். என்னைய ஒரு சொல்லு அதட்டுனதில்ல. ஆனா கோயில்ல நிக்கிறப்போ அவரு கோயில் மனுசன். அங்க அவரு ஒனக்கு அப்பா இல்ல. தெரியாம எறங்குனா அவருக்கும் நிம்மதி, ஒனக்கும் நிம்மதி.

இன்னும் நாலு நாளு. பல்லக் கடிச்சிக்கிட்டு இரு. ரசத்துல புளியக் கொறைச்சுப் போடு, வெறும் வயித்துல அவருக்கு நெஞ்செரியும்.

அம்மா


22.03.2025
சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

சாப்பிடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

போன சனிக்கிழமையிலிருந்து வியாழன் வரை எனக்குத் தீட்டு. அந்த நாளெல்லாம் நான்தான் சமைத்தேன். கோயில் பாதையால்தான் பரீட்சைக்குப் போனேன். அம்மா சொல்லாதே என்றார்கள். நானாகத்தான் சொல்கிறேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. தினமும் குளித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். விரதச் சோறு என்று உப்புக்கூட ருசி பார்த்ததில்லை. தீட்டும் பரீட்சையும் ஒரே நேரத்தில் வந்தன, இரண்டையும் நான் கூப்பிடவில்லை. ஆனால் நாளைக்கு இறங்கப்போவது உங்கள் கால். இறங்குவதாக இருந்தாலும் நிற்பதாக இருந்தாலும் நீங்கள் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

காலுக்கு ஏதாவது ஆனால் என் பெயரைச் சொல்லுங்கள். அம்மாவை இழுக்காதீர்கள். ஆனால் குடம் தூக்கக் கூப்பிட்டால் வரமாட்டேன். திங்கட்கிழமை விஞ்ஞானம், புதன்கிழமை கடைசிப் பேப்பர். இரண்டையும் எழுதுவேன்.

பயமாக இருக்கிறது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும். நேற்று இரவு இரண்டு தாள் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் வைக்கிறேன்.

உங்கள் மகள்
சுதர்ஷினி


23.03.2025
இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. நேற்று அப்பாவுக்கு எழுதித் தூக்குச்சட்டியில் வைத்துவிட்டேன். சட்டி கழுவித் திரும்பி வந்தது. சோறும் இல்லை, கடிதமும் இல்லை, பதிலும் இல்லை.

இன்று அப்பா தீயில் இறங்கிவிட்டார். நீங்கள் அங்கிருந்து தப்பு அடிக்கிற சத்தம் கேட்டிருப்பீர்கள். ஐந்தாவது ஆளாக நின்றார். கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிட்டு இறங்கினார். ஏழெட்டு அடியில் கடந்து, கடைசியில் இருக்கிற பால் குழியில் காலை வைத்தார். அப்போது முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இறங்கியவர்களும் அப்படித்தான் நின்றார்கள். எப்போதும் அப்படித்தானா என்று தெரியவில்லை. இதுவரைக்கும் நான் கால்களைத்தான் பார்த்திருக்கிறேன், முகங்களைப் பார்த்ததில்லை.

என் பக்கம் வராமல் மடத்துக்குப் பின்னால் போய்விட்டார். நான் விஞ்ஞானம் படிக்கப் போகிறேன்.

சுதர்ஷினி


25.03.2025
சாயந்தரம்

மகள் சுதருக்கு அப்பா எழுதுவது.

நேர்ல பேச வெக்கமா இருக்கு. அதான் ஒன் கொப்பியிலேயே தாள் கிழிச்சு எழுதுறேன். நீ படிக்கிற மேசையில வச்சிட்டுப் போயிருவேன்.

ஒன் கடிதாசியப் படிச்சிட்டுத்தான் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடலை. சட்டி காலியா வந்தாலே ஒனக்குப் பதில் புரியும்னு நெனச்சேன். ஒங்கம்மா இப்பத்தான் திட்டுறா, நீ ரெண்டு நாளாத் தூங்கலையாமே.

கால்ல கொப்புளம் இருக்கு. ரெண்டு. பயப்படாத. போன வருசமும் ரெண்டு வந்துச்சு. அதுக்கு முந்தின வருசம் மூணு. நான் பதினோரு வருசமா எறங்குறேன், கொப்புளம் இல்லாமப் போனது ரெண்டு தரமோ மூணு தரமோதான். கொப்புளம் வந்த வருசமெல்லாம் நம்ம வீட்டுல யாரும் எதையும் மறைக்கலை.

எனக்கு மட்டும் இல்ல, எறங்குற எல்லாருக்கும் வருது. மடத்துக்குப் பின்னால ஒக்காந்து மஞ்சளும் நல்லெண்ணெயும் போட்டுக் கட்டிக்குவோம். அடுத்த நாளு நொண்டாம, வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போவோம். வெளிய சொன்னா வெரதத்துல கொறைன்னு பேசுவாங்க. வீட்டுலகூடச் சொல்றதில்ல. சிவசாமி அண்ணன் நடுக் குழியில தடுமாறி நின்னுட்டாரு, அதால அவருக்கு மறைக்க முடியலை. அவ்வளவுதான் வித்தியாசம். தனுஜா தண்ணி தூக்குனப்போ என் கால்ல மூணு கொப்புளம் இருந்துச்சு. அத வச்சுக்கிட்டுத்தான் வாயத் தொறக்காம நின்னேன்.

இன்னைக்குக் காப்பு அவுத்த பெறகு, கூட்டத்துல கால் கட்ட அவுத்துக் காட்டுனேன். பூசாரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. ரெண்டு பேரு சண்டைக்கு வந்தாங்க. நாலு பேரு அவங்க கட்டையும் அவுத்தாங்க. அடுத்த வருசம் பொம்பளைங்களுக்குப் பாதைய அடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். கேப்பாங்களான்னு தெரியலை. அடைச்சா நான் எறங்க மாட்டேன், அதையும் சொல்லிட்டேன்.

அழகம்மா அக்காகிட்டப் பீலிக்கரையில வச்சு எல்லாத்தையும் சொன்னேன். கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. தனுஜாவுக்கு நானே எழுதணும். எப்புடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை, நாளைக்கு நீ வந்ததும் கேக்குறேன்.

அம்மாவக் கோயில் ரோட்டாலதான் கூட்டிட்டு வந்தேன். வழி பூரா எனக்கு முன்னால நடந்தா. வாசலுக்கு வந்த பெறகு, "கால் வலிக்குதா?"ன்னு கேட்டா.

நாளைக்குப் பேப்பர் முடிஞ்சு வர்றப்போ டவுன் கடையில பேட் வாங்கிட்டு வா. பத்திரிகையில சுத்த வேணாம்னு சொல்லு, யார் நின்னாலும் சொல்லு. இன்னைக்கு மத்தியானம் நானே வாங்கப் போனேன். கடையில நாலு பேரு நின்னாங்க. தீயில எறங்குன மனுசனுக்கு வாய் வரலை. குளிக்கிற சவுக்காரம் வாங்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த மாசம் கேட்டுருவேன்.

அப்பா
கணேசமூர்த்தி