சிப்பி மேல் நிற்பவளின் பச்சை ஜாக்கெட்

அடி சின்னி,

காலையில் கோந்து பாட்டிலைத் திறந்தேன். மூடி இறுகிப் போயிருந்தது. புடவைத் தலைப்பைச் சுற்றித் திருகினேன். திறந்ததும் ஒரு புளித்த வாசனை வந்தது பார், அதோடு நீயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். பல்லில் நூல், மாராப்பில் குத்தின ஊசி, மடி நிறைய வெட்டுத் துணி. "யக்கா, ஃபேன நிறுத்து. ஜரிகை பறக்குது" என்று அதட்டுகிறாய். எழுந்து போய் நிறுத்திவிட்டேன். நிறுத்தின பிறகுதான், இங்கே உட்கார்ந்திருப்பது நான் ஒருத்திதான் என்று உறைத்தது.

நம் லட்சுமி படத்தில் இடது கைப்பக்கம் ஒட்டின ஜாக்கெட் துணி கிளம்பியிருக்கிறது. அதை ஒட்டத்தான் கோந்து. நீ இருந்திருந்தால் என்னைத் தொட விட்டிருக்க மாட்டாய். "உன் வெரலு மொளக்குச்சி மாதிரி, நீ போய்க் கொழம்பப் பாரு" என்பாய். சரிதான், மொளக்குச்சிதான். ஆனாலும் இன்றைக்கு நான்தான் ஒட்டுவேன். அவளைத் திரும்ப இந்த வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு எவ்வளவு தூரம் போய் வந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

இந்த முத்தியால்பேட்டை வீட்டுக்கு நான் பெரியவருக்கு வாக்கப்பட்டு வந்தேன், நீ சின்னவருக்கு. ஓரகத்திகள் ரெண்டு பேர் ஒரே அடுப்படியில் இருந்தால் பாத்திரம் பறக்கும் என்று தெருவே காத்திருந்தது. பறக்கவில்லை. என் வீட்டுக்காரர் தவறின பிறகும் என்னைத் தனி அடுப்பு வைக்க விடாமல் மறித்தவள் நீ. என் பையனுக்கு நான் சோறு போட்டேன், நீ சட்டை தைத்தாய். அம்மா யார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு ரெண்டு பேரையும் காட்டினவன் அவன்.

கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு நீ திரைச்சீலை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அங்கே கழித்துப் போட்ட காலண்டரிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்தாய். எனக்குக் காட்டாமல் தையல் மெஷினுக்குப் பின்னால் வைத்து என்னவோ செய்தாய். சாமி படத்துக்கு நிஜத் துணியில் புடவை ஒட்டி, ஜரிகை வைத்துக் கண்ணாடி போடுவார்களே, அந்த வேலை. நான் பார்க்கும்போது அவள் பச்சைப் பட்டு ஜாக்கெட்டும் அரக்குப் பாவாடையும் கட்டிக் கடல் நடுவில் நின்றாள். முடி மட்டும் செம்பட்டை. காலடியில் தாமரைக்குப் பதிலாகப் பெரிய சிப்பி.

"இன்னாடி, லட்சுமிக்கு முடி இப்படிக் கீது?"

"வெள்ளக்காரன் வரைஞ்ச லட்சுமிக்கா. அவன் தாமரையக் கண்டானா? சிப்பியக் கண்டான், வரைஞ்சிட்டான். பாற்கடல்லேர்ந்து வர்றா. மூஞ்சியப் பாரு நீ."

பார்த்தேன். அப்படி ஒரு சாந்தம். விளக்கேற்றிவிட்டேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்குப் பூ.

அப்புறம் ஒரு பொங்கலுக்குச் சேதராப்பட்டிலிருந்து நாத்தனார் வந்தார், காலேஜ் படிக்கிற மகளோடு. அந்தப் பெண் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனில் எதையோ தேடினாள். "அத்தை, இது சாமியே இல்ல. இத்தாலியில இருக்கற படம். இங்க பாருங்க, மேல பொட்டுத் துணி இல்ல." நாத்தனார் போனைப் பிடுங்கினார். பார்த்தார். கண்ணைப் பொத்திக்கொண்டார். விரல் சந்து வழியாக இன்னொரு தரம் பார்த்தார்.

நீ அசரவே இல்லை. "அதுக்குத்தான் நான் ஜாக்கெட் போட்டுட்டேனே அண்ணி. எங்க வூட்டுல அவ ஒழுங்காத்தான் நிக்கறா."

"எடுத்துக் கடாசுடி அத!"

"இத்தன வருசம் எங்க கொழம்பு வாசனையப் புடிச்சிக்கினு நின்னிருக்கா. வந்தவளத் தொரத்தற பழக்கம் எங்க ரெண்டு பேருக்கும் கெடையாது."

அவர்கள் போன பிறகு பாத்திரம் தேய்க்கும்போது சொன்னாய்: "யக்கா, ஒரே ஒரு தரம் அவள நேர்ல போய்ப் பாத்துரணும்." "பாத்துரலாம். பஸ் ஸ்டாண்டுல இத்தாலி பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்குதுன்னு கேட்டுட்டு வா" என்றேன். சாம்பல் கையோடு நீ சிரித்த சிரிப்பு இன்னும் இந்தக் கொல்லையில் இருக்கிறது.

காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை.

கருமாதிக்கு வந்த நாத்தனார், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது அதைச் சொன்னார். "அம்மணப் படத்த சாமி மாடத்துல வச்சா வூடு வெளங்குமா? அவ சாவ அவளே ஜாக்கெட் தச்சிக் கூப்புட்டுக்கினா." நாலு தலை ஆமாம் என்று ஆடியது. உன் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. எழுந்து போய்ப் படத்தைக் கழற்றி, கோணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வருஷத் திதி கழிந்ததும் கடலில் விட்டுவிடுவது என்று பேசி முடித்தார்கள்.

நீ போனதை ஒருவழியாகத் தாங்கிக்கொண்டேன் சின்னி. உன் சாவை நீயே தைத்துக்கொண்டாய் என்றார்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை. கூடத்தில் நின்று சொன்னேன்: "நான் போய்ப் பாத்துட்டு வர்ற வரைக்கும் அது மேல யாரும் கை வைக்கக் கூடாது."

"எங்கடி போய்ப் பாக்கப் போற?"

"அவ ஊருக்கு."

கருமாதி வீட்டில் அன்றுதான் முதல்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சிரிக்கட்டும். நம் பையன், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கின சொல்தா வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவன், மருமகள் பிரசவத்துக்கு என்னை அழைத்தான். போனேன். பத்தியக் குழம்பு வைத்தேன். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன். மருமகள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் கேட்டேன்.

"எனக்கு நாலு நாள் குடுடா. இத்தாலி போயிட்டு வந்துடறேன்."

"நானே அடுத்த வருஷம் கூட்டிக்கினு போறேம்மா."

"அடுத்த வருசம் அது கடல்ல கெடக்கும்."

"ஒத்தையிலயா? அந்த ஊரு பாஷை ஒரு வார்த்தை தெரியாதே உனக்கு."

"நான் பேசவாடா போறேன்? பாக்கப் போறேன்."

மருமகள்தான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "போவட்டும் விடுங்க. சித்தி இருந்திருந்தா ரெண்டு பேரும் நம்மளக் கேட்டிருக்கவே மாட்டாங்க."

விஷயம் சேதராப்பட்டுக்குப் போய்விட்டது. போன் வந்தது. "வூட்டுல சாவு வுழுந்து வருசம் திரும்பல, ஊர் சுத்தக் கெளம்பிட்டியா?" "ஆமாங்க அண்ணி" என்று வைத்துவிட்டேன்.

நான் படித்தது அஞ்சாவது. அதனால் பையன் எல்லாவற்றையும் போனில் பேசிப் பதிந்து கொடுத்தான். எந்த ரயில், எந்தப் பக்கம் ஏறுவது, ராத்திரி எங்கே தங்குவது, எந்த ஊரில் என்ன இருக்கிறது. காதில் அவன் குரல், காலில் மருமகளின் ஷூ, தோளில் உன் சிவப்புச் சால்வை. பர்ஸில் உன் தையல் டப்பாவிலிருந்து எடுத்த ஒரு துண்டுப் பச்சைப் பட்டு. இப்படித்தான் கிளம்பினேன்.

முதலில் வெனிஸ். தண்ணீரில் கட்டின ஊர். நம்மூர் மாதிரியே அங்கேயும் நடுவில் ஒரு பெரிய வாய்க்கால். நாம் பெரிய வாய்க்காலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துவோம். அவர்கள் அதில் படகு விட்டு, ஜோடி ஜோடியாக உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வெயில் ஏற ஏற லேசாக அதே வாடை வந்தது. எனக்குப் பயம் போனதே அந்த வாடையில்தான். எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் தண்ணீர். தொலைந்து, திரும்பி, மறுபடி தொலைந்து, ஒரு பெரிய கோயிலுக்குள் போய்ச் சேர்ந்தேன். கூரை முழுக்க நகத்தளவு தங்கத் துண்டாக ஒட்டியிருந்தார்கள். "இதுக்கு எத்தன பாட்டில் கோந்துடி ஆயிருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மறுநாள் ரோம் போகிற ரயில். நடு வழியில் அவளுடைய ஊரான ஃபிளாரன்ஸிலேயே நின்றது. அன்றைக்குத் திங்கட்கிழமை, அவள் இருக்கிற மியூசியத்துக்கு லீவு என்பதால் பையன் ரோமை முன்னால் போட்டிருந்தான். கண்ணாடியில் கையை வைத்து, "புதன்கிழமை வந்துடறேன்" என்றேன். எதிரில் இருந்த பெரியவர் தன்னிடம்தான் சொன்னேன் என்று நினைத்துத் தலையாட்டினார்.

ரோமில் போப்பாண்டவர் கோயில் ஒன்றில் கூரையெல்லாம் படம். அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொண்டது. சின்னி, கூரை முழுக்க அம்மணம்! ஆம்பளை, பொம்பளை, பிள்ளைகள். கீழே பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் நிற்கிறார்கள். ஒருத்தரும் கண்ணைப் பொத்தவில்லை. நாத்தனார் வந்திருந்தால் அவருக்கு விரல் சந்து போதாது. பையன் குரல் காதில் சொன்னது: "அம்மா, பெரிய சுவத்துல இருக்கறவங்க சில பேருக்கு முதல்ல துணியே இல்லியாம். அப்புறமா வேற ஒருத்தர வச்சித் துணி வரைஞ்சாங்களாம்." உன் வேலையை அந்தக் காலத்திலேயே ஒருத்தர் செய்திருக்கிறார். கோயிலுக்குள். அவரை யாரும் சாவைத் தைத்தவர் என்று சொன்னதாகப் பையன் சொல்லவில்லை.

புதன்கிழமை அவள் ஊர்.

வரிசை தெருவரைக்கும் நின்றது. நான் போனதே அந்த வரிசையைப் பார்க்கத்தான் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கைக்குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்ட ஒருத்தி. வயிற்றைத் தாங்கிப் பிடித்த ஒருத்தி. தடி ஊன்றிக்கொண்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு ஒரு கிழவி. எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள், அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களும்.

உள்ளே கூடம் கூடமாகத் தாண்டிப் போனேன். கடைசியில் அவள். நம் படம் முறம் அளவு. இவள் சுவர் அளவு. ஆள் உயரத்துக்கு நிற்கிறாள். ஜாக்கெட் இல்லை, பாவாடை இல்லை. ஆனால் அதே முகம். நம் வீட்டு விளக்கில் பார்த்த முகம்.

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சாக்ஸையும் கழற்றினேன். காவலுக்கு இருந்த பெண் வந்து, கையை ஆட்டி என் காலைக் காட்டி அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், ரெண்டு பேர் சிரித்தார்கள். நான் படத்தைக் காட்டினேன். கையைக் கூப்பிக் காட்டினேன். உன் சால்வையைத் தொட்டு, மேலே கையைக் காட்டினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "மெர்சி" என்றேன். அது அந்த ஊர்ப் பேச்சு இல்லை என்று தெரியும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம்மூரில் இருந்து, நன்றி சொல்ல நான் கொண்டுபோன வார்த்தை அது ஒன்றுதான்.

வெறுங்காலோடு நின்று நன்றாகப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, நம் படம் முழுப் படம் இல்லை. அன்றைக்கு நாத்தனார் மகள் போனில் காட்டினபோது அவள் அம்மணத்தைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் படவில்லை. இங்கே இடது பக்கம் ரெண்டு பேர் பறந்துகொண்டே கன்னத்தை உப்பிக் காற்றை ஊதுகிறார்கள். வலது பக்கம் கரையில் ஒருத்தி. பெரிய பூப்போட்ட துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, வருகிறவள் மேல் போர்த்த ஓடிவருகிறாள். காற்றில் அவள் துணி பறக்கிறது. "யக்கா, ஃபேன நிறுத்து" என்கிற அவசரம் அவள் உடம்பு முழுக்க.

நான் அழவில்லை. அழுதால் கண் மறைக்கும், உன்னைச் சரியாகப் பார்க்க முடியாது.

வருஷத் திதிக்கு எல்லாரும் வந்தார்கள். படையல் எடுத்ததும் நாத்தனார் ஆரம்பித்தார். "சரி, படத்தக் கடல்ல வுட்டுடலாம்."

"அவளப் பாத்தா சாவுன்னா, அந்த ஊர்ல ஒப்பாரி ஓயவே கூடாது அண்ணி. நான் பாத்துட்டுதான் வர்றேன். கெழவிங்க சாயம் பூசிக்கினு ஐஸ்கிரீம் தின்னுக்கினு போறாளுங்க. சின்னிக்கு வந்தது காய்ச்சல். அவ தச்சது ஜாக்கெட். ரெண்டையும் இனிமே யாரும் ஒண்ணாச் சேத்துப் பேசாதீங்க."

"சாமி இல்லாதத சாமின்னு கும்புடுவியா?"

"கும்புடுவேன்."

உன் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். கோணி அவிழ்கிற சத்தம் கேட்டது. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு வருஷமாகப் பேசாத மனுஷன் என்னைக் கேட்டார்: "சுத்தி எங்க அண்ணி வச்சிருக்கீங்க?"

மாட்டியாகிவிட்டது. மாடத்தில் இல்லை, வாசலில் நுழைந்ததும் தெரிகிற மாதிரிக் கூடத்துச் சுவரில். நாத்தனார் இப்போதும் வருகிறார். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் காபி குடிக்கிறார். குடிக்கட்டும்.

இன்றைக்கு ஒட்டுவதற்காகக் கண்ணாடியைக் கழற்றி, படத்தை முதல் தடவையாக வெளியே எடுத்தேன். ரெண்டு ஓரமும் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருக்கிறது. உன் கத்தரி, உன் நேர்க்கோடு. நீ முழுப் படத்தையும் பார்த்திருக்கிறாய். அவள் யார், என்ன கோலத்தில் நிற்கிறாள் என்று முதல் நாளே உனக்குத் தெரியும். துணி இல்லாமல் நின்றதால்தானே தைத்தாய்? இந்த மொளக்குச்சி மூளைக்கு அது இத்தனை வருஷம் எட்டவில்லை. வெள்ளக்காரன் வரைஞ்ச லட்சுமியாம்! என்னிடமே.

கோபம் இல்லை. பச்சைத் துண்டு இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. கடைக்குப் போனாலும் என்னோடு வருகிறது. கைப்பக்கத்தை ஒட்டிவிட்டேன், கொஞ்சம் கோணல், பொறுத்துக்கொள். ஒன்றுதான் தெரிய வேண்டும். விரல் அகலத் துணியைக்கூட எறியாதவள் நீ. மெஷின் டிராயர், பட்டன் டப்பா, ஒட்டுத்துணி திணித்த தலையணை எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டேன். துணியோடு ஓடிவருகிற அந்தப் பொம்பளையை வெட்டியெடுத்து எங்கேடி வைத்திருக்கிறாய்?